கூட்டம் இல்லாத மாதத்தில் கிழக்குக் கடற்கரை: ஓய்வுபெற்ற தம்பதியர் காரில் போய்வர ஒரு வழிகாட்டி

சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை, கடலை விட்டு அதிகம் விலகாமல், சொந்தக் காரில் பதினொரு நாட்களில் போய்ச் சேர்ந்து, பதினான்காம் நாள் வீடு திரும்புவதற்கான வழிகாட்டி இது. வயது அறுபதைத் தாண்டிய, ஆளுக்கு இரண்டு மூன்று மாத்திரையாவது சாப்பிடுகிற, இரவில் ஓட்டத் தயங்குகிற தம்பதியரை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன். எங்கள் வீட்டில் ஓட்டுவது கணவர். வழி பார்ப்பது, நேரம் பார்ப்பது, மாத்திரை பார்ப்பது மூன்றும் என் பொறுப்பு. ஆகவே பக்கத்து இருக்கையில் உட்கார்பவரின் கண்ணோட்டம் இதில் சற்றுத் தூக்கலாகவே இருக்கும்.

முதல் படி: மாதத்தைத் தேர்ந்தெடுத்தல்

இந்தப் பயணத்தில் மற்ற எல்லா முடிவுகளையும்விட முக்கியமானது இதுதான். தமிழகக் கடற்கரையில் கூட்டமில்லாத காலம் என்று தனியாக ஒரு பருவம் கிடையாது. ஒவ்வோர் ஊருக்கும் ஒரு நாள்காட்டி இருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் பள்ளி விடுமுறை. நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை சபரிமலை பக்தர்கள் திருச்செந்தூர், இராமேசுவரம், கன்னியாகுமரி மூன்றையும் நிரப்பிவிடுவார்கள். ஆகஸ்ட் 29 அன்று கொடியேறி செப்டம்பர் 8 வரை நடக்கும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்காக, அதற்குச் சில நாட்கள் முன்பிருந்தே காவியுடை அணிந்த பாதயாத்திரைக் கூட்டம் கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரமெங்கும் நடந்து செல்லும். தூத்துக்குடிப் பனிமய மாதா திருவிழா ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை. இவற்றோடு அக்டோபர் பிற்பாதியில் வடகிழக்குப் பருவமழையும் தொடங்கிவிடும்; புயல் சின்னங்கள் உருவாகும் நவம்பர், டிசம்பர் மாதங்களில் வயதானவர்கள் இந்தச் சாலையில் தனியாகப் போக வேண்டிய அவசியமே இல்லை.

எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது மூன்று இடைவெளிகள். முதலாவது ஜூன் பிற்பாதியும் ஜூலையும். ஏப்ரல் 15 முதல் 61 நாட்களுக்கு நீடிக்கும் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போயிருக்கும் என்பதால் நல்ல மீன் கிடைக்கும். ஆனால் இராமநாதபுரத்துக்குத் தெற்கே ஆடிக்காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும். இரண்டாவது பிப்ரவரி. வெயில் இதமாக இருக்கும், கோடியக்கரையில் வலசைப் பறவைகளும் இருக்கும், ஆனால் தைப்பூசமும் மாசித் திருவிழாக்களும் எந்தத் தேதியில் வருகின்றன என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது, வேளாங்கண்ணிக் கொடி இறங்கிய பிறகு, காலாண்டுத் தேர்வு விடுமுறை தொடங்குவதற்கு முன்பு, செப்டம்பரில் கிடைக்கும் இரண்டு வாரங்கள். நான் பரிந்துரைப்பது இதைத்தான். பகலில் புழுக்கம் இருக்கும், சில நாட்களில் மாலையில் இடியுடன் மழை பெய்யும். ஆனாலும் சாலையும் அறைகளும் காலியாக இருக்கும். செப்டம்பர் 17 வாக்கில் புரட்டாசி பிறந்ததும் பாதித் தமிழ்நாடு மீனை விட்டுவிடுவதால், விரதம் இல்லாதவர்களுக்கு அதுவும் ஒரு லாபம்.

தேதியை முடிவு செய்யும்முன் பஞ்சாங்கத்தைத் திறந்து அமாவாசை, பௌர்ணமி இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். மகாளய அமாவாசையன்று இராமேசுவரத்திலும் வேதாரண்யத்திலும் பூம்புகாரிலும் கார் நிறுத்தவே இடம் கிடைக்காது. பௌர்ணமி இரவைத் திருச்செந்தூர்க் கடற்கரையில் கழிக்க வரும் கூட்டமும் அண்மைக் காலத்தில் மிகுந்துவிட்டது.

இரண்டாம் படி: கிழமைகளை அடுக்குதல்

மாதத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்துவிட்டுக் கிழமையில் கோட்டைவிடுவது எளிது. புதுச்சேரி சனி, ஞாயிறுகளில் நெரியும். நாகூரில் வியாழன் மாலை கூட்டம் கூடும். காரைக்காலை அடுத்த திருநள்ளாற்றுக்குச் சனிக்கிழமையும், திருச்செந்தூருக்குச் செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான். இத்தனையையும் தவிர்க்க வேண்டுமானால் சென்னையிலிருந்து திங்கட்கிழமை கிளம்ப வேண்டும். வேறு எந்தக் கிழமையில் தொடங்கினாலும் எங்கோ ஓரிடத்தில் முட்டும் என்பதை நான் காகிதத்தில் எழுதி எழுதிப் பார்த்துத்தான் கண்டுகொண்டேன்.

திங்களும் செவ்வாயும் இரவுத் தங்கல் புதுச்சேரியில். புதன், வியாழன் தரங்கம்பாடியில். வெள்ளி இரவு வேதாரண்யம் அல்லது கோடியக்கரை. சனி, ஞாயிறு இரவுகள் இராமநாதபுரத்தில். வாரக்கடைசிக் கூட்டம் வடிந்த பிறகு திங்கள், செவ்வாய் இராமேசுவரம். புதன் தூத்துக்குடி. வியாழன் காலை திருச்செந்தூர், இரவு கன்னியாகுமரி. வெள்ளிக்கிழமை காலை முதல் படகில் விவேகானந்தர் பாறை. சனிக்கிழமை திரும்பும் பயணத் தொடக்கம்.

மூன்றாம் படி: ஒரு நாளுக்கு எவ்வளவு தூரம்

தேசிய நெடுஞ்சாலை 32 என்ற பலகையை இந்த வழியில் தூத்துக்குடி வரைக்கும் பெரும்பாலான இடங்களில் பார்ப்பீர்கள். இராமேசுவரத்துக்கும் கோடியக்கரைக்கும் உள்ளே போய்வருவதையும் சேர்த்தால் கன்னியாகுமரி வரை சுமார் 900 கி.மீ. இளைஞர்கள் இரண்டு நாளில் முடித்துவிடுவார்கள். நமக்கான கணக்கு வேறு: நாளுக்கு 100 கி.மீ. ஒட்டி ஓட்டுவது, காலை ஆறரைக்குக் கிளம்புவது, மதியச் சாப்பாட்டுக்குள் அறைக்குப் போய்விடுவது.

இதற்குச் சோம்பல் காரணமல்ல. வடக்கிலிருந்து தெற்கே போகும்போது கடல் இடப்பக்கம் இருக்கும். நாம் சாலையின் இடப்பக்கம் ஓட்டுவதால், நினைத்த இடத்தில் எதிர்வரும் வண்டிகளைக் கடக்காமல் கடற்கரைக்கு ஒதுங்கலாம். காலை வெயில் இடப்புறம், அதாவது பக்கத்து இருக்கைக்காரர் மேல் விழும், ஓட்டுபவர் கண்ணைக் கூசச் செய்யாது. ஆனால் இராமநாதபுரத்தைத் தாண்டியதும் சாலை தென்மேற்காகத் திரும்பிவிடுகிறது. அந்தப் பகுதியில் மதியத்துக்கு மேல் ஓட்டினால் சூரியன் நேர் எதிரில் நிற்கும். கண்புரை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். இரவில் எதிர்வரும் லாரியின் முகப்பு விளக்கைப் பற்றி அவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சில நாட்களில் இந்தக் கணக்கு மீறும். சென்னை–புதுச்சேரி 150 கி.மீ.; சாலை நன்றாக இருப்பதால் பொறுத்துக்கொள்ளலாம். வேதாரண்யத்திலிருந்து இராமநாதபுரம் 200 கி.மீ. வரை வரும்; அதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

நான்காம் படி: வண்டியும் மருந்துப் பையும்

வண்டியைச் சர்வீஸுக்கு விடுவதைக் கிளம்பும் நாளுக்கு முந்தின தினம் வைத்துக்கொள்ளாதீர்கள். பத்து நாட்களுக்கு முன்பே விட்டு, பிறகு ஊருக்குள் ஓட்டிப் பார்த்து, குறை ஏதாவது இருந்தால் சரிசெய்யச் சொல்ல அவகாசம் வைத்துக்கொள்ள வேண்டும். டயர், பிரேக், பேட்டரி, கூலன்ட், வைப்பர் இவற்றோடு ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று நீங்களே கையால் பாருங்கள். பலரும் மறப்பது அதைத்தான். பாஸ்டேக்கில் பணம், காப்பீடு, புகைச் சான்றிதழ் மூன்றும் காலாவதி ஆகாமல் இருக்கட்டும். திரும்பும் தூரத்தையும் உள்ளூர் அலைச்சலையும் சேர்த்து 1,700 கி.மீ. என்று கொண்டால், லிட்டருக்கு 15 கி.மீ. தரும் காருக்கு 115 லிட்டர் போல ஆகும். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் தமிழகத்தைவிடப் பெட்ரோல் விலை குறைவு என்பதால், அந்த இரண்டு இடங்களிலும் டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள்.

மருந்துகளைப் பதினான்கு நாளுக்கு அல்ல, இருபது நாளுக்கு எடுத்துக்கொண்டு, இரண்டு பைகளில் பிரித்து வையுங்கள். ஒரு பை கைப்பையோடு எப்போதும் உங்களுடன் வர வேண்டும். இன்சுலின் போடுபவர்கள் அதை நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போகக் கூடாது. மூடிய காருக்குள் அரை மணி நேரத்தில் ஏறும் சூடு மருந்தைக் கெடுத்துவிடும். குளிர்ப்பையில் வைக்கும்போதும் பனிக்கட்டி நேராகப் படாதபடி துண்டில் சுற்றி வையுங்கள், உறைந்த இன்சுலினும் பயன்படாது. சிறுநீர் அதிகம் போகச் செய்யும் இரத்த அழுத்த மாத்திரையைக் காலையில் சாப்பிடுபவர்கள், பயண நாட்களில் அதை எந்த நேரத்துக்கு மாற்றலாம் என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். கழிப்பறை கிடைக்காதே என்று பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பதும், மாத்திரையை விட்டுவிடுவதும் நம் வயதுப் பெண்கள் எல்லாரும் செய்கிற தவறு. நானும் செய்திருக்கிறேன், இரண்டாம் நாளே தலைசுற்றலில் உட்கார்ந்திருக்கிறேன். பெரிய பங்க்குகளில் கழிப்பறை இருக்கும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இறங்கி நடந்துவிட்டு ஏறுங்கள். கால் வீக்கத்துக்கும் அதுவே வைத்தியம்.

அவசரத்துக்கு 108, நெடுஞ்சாலையில் வண்டிக்கு உதவி வேண்டுமானால் 1033. இவற்றோடு வழியிலுள்ள பெரிய மருத்துவமனைகள் எங்கெங்கே என்பதும் தெரிந்திருக்க வேண்டும்: புதுச்சேரியில் ஜிப்மர், சிதம்பரம் அண்ணாமலைநகரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, பிறகு நாகப்பட்டினம், இராமநாதபுரம், தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆசாரிப்பள்ளம். வேதாரண்யத்துக்கும் இராமநாதபுரத்துக்கும் இடையில்தான் இடைவெளி நீளம். அங்கே உள்நாட்டுப் பக்கம் திரும்பினால் பட்டுக்கோட்டை, அறந்தாங்கி அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன.

ஐந்தாம் படி: அறை பதிவு செய்தல்

கூட்டமில்லாத காலத்தில் அறை கிடைக்குமா என்ற கவலை இல்லை. எப்படிப்பட்ட அறை கிடைக்கும் என்பதுதான் கவலை. விடுதிக்காரர்கள் வெள்ளையடிப்பதும், குளியலறை ஓடு மாற்றுவதும், சமையல்காரரை ஊருக்கு அனுப்புவதும் இந்த மாதங்களில்தான். நாங்கள் ஒருமுறை ஒரு கடலோர ஊரில் இணையத்தில் படம் பார்த்துப் பணம் கட்டிவிட்டுப் போய் இறங்கினால், மாடி முழுக்கச் சாரம் கட்டியிருந்தது, உணவகம் பூட்டியிருந்தது, பெயின்ட் வாசனையில் இரவெல்லாம் இருமல். அதற்குப் பிறகு செயலியில் விலையைப் பார்த்துக்கொண்டு, விடுதியின் வரவேற்பு மேசைக்கே நேராகத் தொலைபேசுவதை வழக்கமாக்கிக்கொண்டோம். கேட்க வேண்டியவை: வேலை ஏதும் நடக்கிறதா, உணவகம் திறந்திருக்கிறதா, தரைத்தள அறையோ லிஃப்ட்டோ உண்டா, மேற்கத்தியக் கழிப்பறையா, கரன்ட் போனால் ஏசிக்கும் ஜெனரேட்டர் ஓடுமா, கார் வளாகத்துக்குள் நிற்குமா. கடைசியாக, வாரநாள் வாடகை எவ்வளவு என்று கேளுங்கள். இரண்டு இரவு தங்குகிறோம், மூத்த குடிமக்கள் என்று சொன்னால் பெரும்பாலும் இறங்கிவருவார்கள்.

அரசு விடுதியை விரும்புபவர்களுக்கு மாமல்லபுரம், இராமேசுவரம், கன்னியாகுமரி ஆகிய ஊர்களில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழக விடுதிகள் உள்ளன. கோடியக்கரையில் வனத்துறையின் ஓய்வு இல்லத்தில் தங்க விரும்பினால் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். இல்லாவிட்டால் வேதாரண்யத்தின் எளிய லாட்ஜ்களில் ஓர் இரவைக் கழிக்கத் தயாராக இருங்கள்.

ஆறாம் படி: சென்னையிலிருந்து தரங்கம்பாடி வரை

சென்னைவாசிகள் மாமல்லபுரத்தில் தங்கி ஒரு நாளைச் செலவிட வேண்டாம். அங்கே எப்போது வேண்டுமானாலும் போகலாம். அதைத் தாண்டிக் கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்களின் கோட்டை இருக்கிறது. உள்ளே கல்லறைக் கற்களில் செதுக்கியிருக்கும் மரக்கலங்களையும் குலச்சின்னங்களையும் பார்க்க அரை மணி நேரம் போதும். கடப்பாக்கம் அருகே ஆலம்பரைக் கோட்டை, 1750-ல் பிரெஞ்சுக்காரரான டூப்ளேவின் கைக்கு வந்து, 1760-ல் ஆங்கிலேயரால் தகர்க்கப்பட்டது. இடிந்த செங்கல் சுவரை ஒட்டி உப்பங்கழி, அதற்கப்பால் கடல். மணலில் நடக்க வேண்டியிருக்கும் என்பதால் முட்டிவலிக்காரர்கள் கைத்தடி எடுத்துக்கொள்ளவும். மரக்காணம் உப்பளங்களைக் காரிலிருந்தே பார்த்துவிடலாம்.

புதுச்சேரியில் கடற்கரைச் சாலைக்குள் மாலை 6 மணி முதல் மறுநாள் காலை வரை வாகனங்களை விடுவதில்லை. வாரநாளில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு அங்கே நடப்பவர்கள் பெரும்பாலும் நம் வயதுக்காரர்கள்தான். மற்ற சுற்றிப்பார்த்தலை உங்கள் விருப்பத்துக்கு விடுகிறேன். இந்த ஊரைப் பற்றிச் சொல்ல ஆள் நிறைய இருக்கிறார்கள்.

புதன்கிழமை கடலூர் வழியாகச் சிதம்பரம். பிச்சாவரம் சதுப்புநிலக் காட்டில் படகுப் பயணம் செய்ய விரும்பினால், படகுத்துறையில் ஏறி இறங்கும் படிகளையும் வெயிலையும் கணக்கில் கொண்டு ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள். நடராசர் கோயில் நண்பகலில் நடை சாத்திவிடும், ஆகவே இரண்டில் ஒன்றைத்தான் அன்று செய்ய முடியும். கோயிலைத் தேர்ந்தெடுத்தவர்கள் கொத்சு சாப்பிடாமல் ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டாம்.

சீர்காழியைத் தாண்டிய பிறகு ஓட்டுபவர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. செப்டம்பர் மாதம் டெல்டாவில் குறுவை அறுவடைக் காலம். அறுவடை இயந்திரங்கள் சாலையின் பாதியை அடைத்துக்கொண்டு நகரும். தார்ச்சாலையில் ஒரு பக்கம் முழுக்க நெல்லைக் கொட்டிக் காயவைத்திருப்பார்கள். நெல்லின் மேல் வேகமாக ஏறிப் பிரேக் போட்டால் சக்கரம் வழுக்கும். குழந்தைகளும் கோழிகளும் எந்தப் பக்கமிருந்தும் வருவார்கள். 40 கி.மீ. வேகத்தில் போங்கள், நமக்கு எங்கும் அவசரமில்லை.

தரங்கம்பாடியில் இரண்டு இரவுகள் வைத்ததற்காக என்னைக் கேலி செய்தவர்கள் உண்டு. ஊரை ஒன்றரை மணி நேரத்தில் சுற்றிவிடலாம் என்பது உண்மைதான். 1620-ல் டேனிஷ்காரர்கள் எழுப்பிய டான்ஸ்போர்க் கோட்டை. 1706-ல் வந்திறங்கி, பின்னர் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சேற்றிய சீகன்பால்கு, 1718-ல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம். பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாண்டியர் காலத்தில் எழுந்து, முன்பகுதியைக் கடலுக்குக் கொடுத்துவிட்ட மாசிலாமணிநாதர் கோயில். இவ்வளவுதான் ஊர், எல்லாமே ஒரே தெருவின் இரு முனைகளுக்குள். ஆனால் படிகள் குறைவு, தெரு சமதளம், வண்டி நடமாட்டம் மிகக் குறைவு. காலை ஆறு மணிக்குக் கோட்டை முன் மதிலில் உட்கார்ந்திருந்தபோது கணவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை என்பதைக் கவனித்தேன். "ஏம்மா, இன்னிக்கு எங்கயும் போக வேண்டாமில்ல?" என்று கேட்டார். போக வேண்டாத அந்த ஒரு நாளுக்காகத்தான் இரண்டு இரவு.

ஏழாம் படி: நாகூரிலிருந்து இராமநாதபுரம் வரை

வெள்ளிக்கிழமை காரைக்காலில் பெட்ரோல் போட்டுக்கொண்டு நாகூர் போய்ச் சேருங்கள். ஜும்மா தொழுகைக்கு முன்பாகவே தர்காவுக்குப் போய்வந்துவிட வேண்டும். அங்குள்ள ஐந்து மினார்களில் மிக உயரமான 131 அடி மினாரைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங். மாலையில் தங்குபவர்களானால் இறால் வைத்த வாடா கிடைக்கும்; நம் திட்டத்தில் மாலை இல்லை என்பது எனக்கு இன்னும் குறைதான். நாகப்பட்டினம் வழியாக வேளாங்கண்ணி. திருவிழா முடிந்த அடுத்த சில நாட்களில் ஊரே துடைத்துவைத்தாற்போல் இருக்கும்.

வேதாரண்யத்தில், 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து இராஜாஜி தலைமையில் கிளம்பிய உப்புச் சத்தியாகிரக நடைப்பயணத்தின் நினைவிடம் அகஸ்தியம்பள்ளியில் உள்ளது. மழைக்கு முந்தைய கடைசி வாரங்கள் என்பதால் செப்டம்பரில் உப்பு வாரும் வேலை நடந்துகொண்டிருக்கும். உப்பு லாரிகளுக்குப் பின்னால் ஒட்டிப் போகாதீர்கள். அங்கிருந்து பதினொரு கி.மீ. தள்ளிக் கோடியக்கரை. பூநாரைகளை எதிர்பார்த்து இந்த மாதத்தில் போனால் ஏமாற்றம்தான். அவற்றுக்கு ஜனவரி வாக்கில் வர வேண்டும். ஆனால் வெளிமான்களை ஆண்டு முழுவதும் பார்க்கலாம். புல்வெளியில் நூறு அடி தூரத்தில் முறுக்கிய கொம்போடு ஆண்மான் நின்று பார்க்கும். காரை அணைத்துவிட்டு, பேசாமல், இறங்காமல் இருந்தால் அதுவும் நகராது.

சனிக்கிழமைதான் நீளமான நாள். முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல், தொண்டி, தேவிபட்டினம் என்று பாக் நீரிணையின் ஓரமாகப் போகும் இந்தச் சாலையில் சுற்றுலாப் பயணிகள் என்று யாரும் இருக்க மாட்டார்கள். மீன் ஏற்றிய வண்டிகள், ஆட்டு மந்தைகள், சீமைக்கருவேலங் காடுகள் மட்டும். நல்ல சாப்பாட்டுக் கடைகளும் குறைவு என்பதால் வேதாரண்யத்திலேயே இட்லிப் பொட்டலம் கட்டிக்கொண்டு ஆறு மணிக்குக் கிளம்பிவிடுங்கள். மல்லிப்பட்டினத்தை அடுத்து, நெப்போலியனின் வீழ்ச்சியைக் கொண்டாடத் தஞ்சை இரண்டாம் சரபோஜி மன்னர் கட்டிய எட்டு அடுக்கு மனோரா நிற்கிறது. ஐரோப்பாவில் நடந்த சண்டைக்குத் தென்னந்தோப்பின் நடுவில் நினைவுச் சின்னம் இருப்பதை ஒருமுறையாவது நேரில் பார்க்க வேண்டும்.

அந்தப் பகுதியில்தான் நாங்கள் மாட்டிக்கொண்டோம். கடலுக்குக் கிட்டே போகலாம் என்று ஒரு மண்பாதையில் காரைத் திருப்பினார் கணவர். பாதை முடிந்து மணல் தொடங்கியதை இருவருமே கவனிக்கவில்லை. முன்சக்கரம் இரண்டும் புதைந்ததும், பதற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தார். வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்தார். "மிதிக்காதீங்கய்யா. மிதிக்க மிதிக்க இன்னும் இறங்கும். அம்மா, நீங்க இறங்கி நிழல்ல நில்லுங்க" என்றார். சக்கரங்களுக்கு முன்னாலிருந்த மணலைக் கையாலேயே தோண்டி எடுத்து, நான்கு டயர்களிலும் பாதிக் காற்றை இறக்கச் சொல்லி, காய்ந்த தென்னைமட்டைகளைச் சக்கரத்துக்கு அடியில் செருகினார். பிறகு இரண்டாவது கியரில், மிக மெதுவாக, ஸ்டியரிங்கைத் திருப்பாமல் எடுக்கச் சொன்னார். கார் வந்துவிட்டது. காசு வாங்க மறுத்துவிட்டார். அடுத்த ஊர் பங்க் வரைக்கும் இருபதுக்கு மேல் போகாதீர்கள், டயர் தாங்காது என்று மட்டும் சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து டயருக்குக் காற்றடிக்கும் சிறிய மின்பம்பு ஒன்று எங்கள் டிக்கியில் இருக்கிறது. சிகரெட் லைட்டர் துளையில் செருகினால் வேலை செய்யும். நீங்களும் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் தார்ச்சாலையை விட்டு இறங்காமல் இருப்பதே மேல்.

தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்கள் வரை நடைபாதை இருக்கிறது. அன்று களைப்பாக இருந்தால் விட்டுவிட்டு, மறுநாள் இராமநாதபுரத்திலிருந்து வந்து பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதற்காகத்தான் காலியாக வைத்திருக்கிறோம். திருப்புல்லாணி, உத்தரகோசமங்கை இரண்டும் அருகிலேயே உள்ளன; இராமேசுவரம் நெரியும் அதே ஞாயிறு அவை அமைதியாக இருக்கும்.

எட்டாம் படி: இராமேசுவரமும் தனுஷ்கோடியும்

பாம்பன் சாலைப் பாலத்தின் நடுவில் காரை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். எல்லாரும் செய்கிறார்கள் என்பது காரணமாகாது. பின்னால் வரும் பேருந்துக்கு அது தெரியாது. 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்துக்குப் பதிலாக 2025 ஏப்ரலில் திறந்த புதிய செங்குத்துத் தூக்குப் பாலம், பாம்பன் ஊர்ப் பக்கம் கரையில் இறங்கிப் பார்த்தாலே நன்றாகத் தெரியும்.

கோயிலில் 22 தீர்த்தங்களில் நீராடுவது பற்றி என் கருத்தைத் தயங்காமல் சொல்லிவிடுகிறேன்: தலைசுற்றல், முட்டித் தேய்மானம், இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுதல் இவற்றில் ஒன்று இருந்தாலும் அதைச் செய்ய வேண்டாம். கிணறு கிணறாக ஈரக் கருங்கல் தரையில் வெறுங்காலோடு நடக்க வேண்டும். முன்னால் போனவர்கள் சிந்திய தண்ணீர் காய்வதே இல்லை. அக்னி தீர்த்தத்தில் கால் நனைத்து, தலையில் தெளித்துக்கொண்டு, விடியற்காலை ஐந்து மணி ஸ்படிக லிங்க தரிசனத்துக்குப் போய், பிறகு மூன்றாம் பிராகாரத்தில் தூண் தூணாக நிதானமாக நடந்து வாருங்கள். வாரநாளில் அந்த நேரத்தில் பிராகாரத்தின் ஒரு கோடியில் நின்றால் மறுகோடி வரை பார்வை தடையில்லாமல் போகும்.

தனுஷ்கோடிக்குக் காலையிலேயே போய்விட வேண்டும், மாலையில் சோதனைச் சாவடியில் வண்டிகளை விடமாட்டார்கள். 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் அழிந்த ஊரின் தேவாலயச் சுவர்களைத் தாண்டி, 2017-ல் திறந்த சாலை அரிச்சல்முனை வரை செல்கிறது. இருபுறமும் கடல் என்பதால் காற்று எப்போதும் உண்டு: காரை நிறுத்தியதும் கதவை ஒரு கையால் தள்ளித் திறக்காதீர்கள், காற்று பிடுங்கிக்கொண்டு போய்க் கீலை வளைத்துவிடும். கண்ணாடியை ஏற்றிவிட்டு, இரண்டு கையாலும் கதவைப் பிடித்தபடி இறங்குங்கள். சாலையில் மணல் படிந்திருக்கும் இடங்களில் பிரேக்கை அழுத்தாமல் வேகத்தை முன்பே குறையுங்கள். அரிச்சல்முனையில் கடலில் இறங்கவே கூடாது. நீரோட்டம் அங்கே ஆளைச் சுழற்றி இழுக்கும்.

ஒன்பதாம் படி: மன்னார் வளைகுடா ஓரமாகக் குமரி வரை

இராமநாதபுரத்தில் டேங்கை நிரப்பிக்கொண்டு கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி, வேம்பார் வழியாகத் தூத்துக்குடிக்குச் சுமார் 125 கி.மீ. கீழக்கரையில் தொதல் வாங்கலாம். கருப்பட்டி, தேங்காய்ப்பால் சேர்த்துக் கிண்டுவது, சர்க்கரை நோயாளிகள் விரலளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டியது. தூத்துக்குடி மக்ரூனுக்கும் இதே எச்சரிக்கை. முந்திரியும் முட்டை வெண்கருவும் சேர்ந்தது என்பதால் மரக்கறிக்காரர்கள் கேட்டு வாங்கவும்.

திருச்செந்தூரில் ஏழு மணிக்குள் இருந்தால் வியாழக்கிழமை தரிசனம் எளிது. மூத்த குடிமக்களுக்கான வழி எது என்று வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். உடன்குடியில் கருப்பட்டி வாங்கிக்கொண்டு மணப்பாடு. 1542-ல் பிரான்சிஸ் சவேரியார் வந்திறங்கிய கரை அது. மணற்குன்றின் மேலிருக்கும் திருச்சிலுவை ஆலயம் வரை கார் போகும். அதன் திருவிழா செப்டம்பர் 14-ல் முடிந்துவிடும் என்பதால் நாம் போகும்போது கூட்டம் இருக்காது. உவரியில் கப்பல் வடிவத்தில் கட்டிய கப்பல் மாதா ஆலயத்தைப் பார்த்துவிட்டு, கூடங்குளம் வழியாக மாலைக்குள் கன்னியாகுமரி.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தொடங்கும் படகுக்கு ஏழேகாலுக்கே வரிசையில் நில்லுங்கள். கடல் கொந்தளித்தாலோ நீர்மட்டம் குறைந்தாலோ படகை நிறுத்திவிடுவார்கள். இதை எதிர்பார்த்தே போக வேண்டும். 1970-ல் திறந்த விவேகானந்தர் நினைவு மண்டபத்துக்கும், 133 அடித் திருவள்ளுவர் சிலைக்கும் இடையே 2024 டிசம்பரிலிருந்து 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் இருப்பதால், இரண்டாவது முறை படகில் ஏறி இறங்கும் தொல்லை இப்போது இல்லை. கண்ணாடி வழியாகக் கீழே பார்க்கப் பிடிக்காதவர்கள் எதிரே இருக்கும் வள்ளுவரைப் பார்த்துக்கொண்டே நடக்கலாம். நான் அப்படித்தான் நடந்தேன்.

பத்தாம் படி: திரும்புதல்

வந்த வழியே திரும்ப வேண்டாம். மதுரை, திருச்சி வழியாக நான்குவழிச் சாலையில் சென்னைக்குச் சுமார் 700 கி.மீ.; ஒரே நாளில் ஓட்ட முயலாமல் திருச்சியில் ஓர் இரவு தங்குங்கள். பன்னிரண்டு நாட்கள் ஓட்டிய களைப்பு ஓட்டுபவருக்குத் தெரியாது, பக்கத்தில் இருப்பவருக்குத்தான் தெரியும்: கியர் மாற்றுவதில் தாமதம், அடிக்கடி கண் கசக்குதல், கேட்ட கேள்விக்கே மறுபடி பதில். அந்த அறிகுறிகள் இருந்தால் நாகர்கோவிலிலிருந்தே ஓர் ஆக்டிங் டிரைவரை அமர்த்திக்கொண்டு, இருவரும் பின்னிருக்கையில் உட்கார்ந்துவிடுங்கள். அவருக்குச் சாப்பாடும் திரும்பிப் போக ரயில் கட்டணமும் கொடுப்பது வழக்கம். தொகையைக் கிளம்பும்முன் பேசிவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு நாட்களுக்குள் காரின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் பீய்ச்சிக் கழுவச் சொல்லுங்கள். தனுஷ்கோடியின் உப்பு மணல் சக்கர வளைவுகளுக்குள்ளும் சைலன்சரின் மேலும் ஒட்டிக்கொண்டிருக்கும். மழைக்காலம் தொடங்குவதற்குள் அது போகாவிட்டால் துரு பிடிக்கும். தரையில் விரித்த கால்மிதிகளை வெளியே எடுத்து உதறும்போது எங்கள் வாசலில் ஒரு கைப்பிடி மணல் கொட்டியது. கணவர் அதைக் கூட்டித் துளசி மாடத்தில் போடப் போனார். உப்பு மணல், செடி பட்டுவிடும் என்று தடுக்க வேண்டியிருந்தது.